நிலைமை சரிவரட்டும், போவம்

போன வருடம் மார்ச் மாதம் அலுவலகத்தில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கணக்கில் 51 நாள் லீவு சேர்ந்திருக்கிறதாம், எடுத்துக் குறைக்கட்டாம். அவுஸ்திரேலியாவில் முழுநேர வேலைக்கு வருடம் நாலு கிழமை சம்பளத்தோடு லீவு உண்டு. மற்றவர்கள் அது போதாது என்று முணுமுணுப்பார்கள். நான் சேர்த்து வைத்திருந்தேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் யாருக்காவது ஏதும் என்றால் உடனே பறக்க வேண்டும். தங்கச்சியின் கலியாணம் வரும். மாமாவின் அந்தியேட்டி வரும். டிசம்பரில் நாலு பேருக்கு டிக்கெட் போட்டால் எட்டாயிரம் டொலர் காணாமல் போகும். போய் இறங்கினால் ஐம்பது வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு, போனதைவிடக் களைத்துப் போய்த் திரும்பி வருவோம். அதைத்தான் நாங்கள் ஹொலிடே என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மின்னஞ்சல் வந்த நேரம் அம்மா எங்களுடன் இருந்தா. யாழ்ப்பாணத்தில் இருந்து மூன்று மாத விசாவில் வந்தவ. வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒருநாள் இரவு சாப்பிடும்போது கேட்டா, "தம்பி, அவுஸ்திரேலியா எண்டால் இந்த ஹோம்புஷ் ஸ்டேஷனும் கடைத்தெருவும் முருகன் கோயிலும்தானோ?" பகிடியாகத்தான் கேட்டவ. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா, மனைவி, மகள், நான் நாலு பேரும் காலை ரயில் எடுத்தோம். மகனை மனைவியின் அக்கா பார்த்துக்கொண்டா. ஒரு ஸ்டேஷன் தள்ளி ஸ்ட்ராத்ஃபீல்டில் மாறினால் புளூ மவுண்டன்ஸ் ரயில். இரண்டு மணித்தியாலத்துக்குள் கட்டூம்பா. அங்கிருந்து எக்கோ பொயின்றுக்கு பஸ். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும்.

மூன்று சகோதரிகள் என்கிற அந்தப் பாறைகளுக்கு முன்னால் ஒரு வாங்கில் அம்மா கனநேரம் இருந்தா. பிறகு சொன்னா, "அப்பா கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்ன நுவரெலியாவும் இப்பிடித்தான் இருக்கும் போல."

அந்தக் கதை எனக்குத் தெரியும். அவர்கள் கலியாணம் கட்டியது 1984-ல். நிலைமை சரிவரட்டும், நுவரெலியா போவம் என்று அப்பா சொல்லியிருந்தார். நிலைமை சரிவரவில்லை. 1990-ல் யாழ்தேவி நின்றது. கண்டி வீதி பூட்டுப்பட்டது. பிறகு கொழும்புக்குப் போவதென்றால் பாஸ் எடுத்து, காத்திருந்து, திருகோணமலைக்குக் கப்பல் ஏற வேண்டிய காலமும் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் விசாவுக்கும் அப்படிப் போனார்கள். மலை பார்க்க யார் போவார்கள்? 2002-ல் ஏ9 திறந்தபோது அப்பா மறுபடி கணக்குப் போட்டார். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடியது. 2007-ல் அப்பா போய்விட்டார். யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில்.

நானே நுவரெலியாவை முதலில் பார்த்தது 2010-ல், மொறட்டுவையில் பொறியியல் படித்த காலத்தில், நண்பர்களோடு. சொந்த நாட்டை ஒரு சுற்றுலாப் பயணியாகப் பார்க்க எனக்கு 22 வயது ஆகவேண்டி இருந்தது.

இறங்கி வரும் ரயிலில் அம்மா கேட்டா, "எவ்வளவு முடிஞ்சது?"

"ஆளுக்குப் பத்து டொலரும் இல்லையம்மா."

"அப்ப ஏன்டா இவ்வளவு நாளும் வரேல்ல?"

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம். ஆரம்பத்தில் பி.ஆர். வரட்டும் என்றோம். பிறகு வீடு வாங்கட்டும், பிள்ளை வளரட்டும், வட்டி குறையட்டும் என்றோம். அப்பாவின் வசனத்தைத்தான் நானும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அவருக்கு முன்னால் உண்மையாகவே பாதை பூட்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு சோதனைச்சாவடியும் இல்லை. பழக்கம் மட்டும் விமானம் ஏறி வந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு எக்ஸெல் ஷீற் போட்டேன். எஞ்சினியர் புத்தி, வேறென்ன. இப்போது ஆறு கிழமைக்கு ஒருக்கால் எங்காவது போகிறோம். நாங்கள் கண்டுபிடித்ததில் சிலதைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலாவது ஓபல் கார்ட். வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வெட்டும் காசுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இப்போதைக்கு அது பத்து டொலருக்குள். 4 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அதில் பாதி. அந்தக் காசுக்கு வடக்கே நியூகாசில் தாண்டி ஸ்கோன் வரை, தெற்கே கயாமா தாண்டி பொமடெரி வரை, மேற்கே பாதர்ஸ்ட் வரை, தென்மேற்கே கோல்பேர்ன் வரை போய் வரலாம். கயாமாவில் பாறைத் துளை வழியாகக் கடல் மேலே பீறிட்டு வருவதைப் பார்க்கக் காசே இல்லை. ஒரே ஒரு கவனம்: பிள்ளைக்கு சைல்ட் ஓபல் எடுங்கள். வங்கிக் கார்டைத் தட்டினால் பெரியவர் காசுதான் வெட்டும். வார இறுதியில் தண்டவாள வேலை நடக்கிறதா என்றும் முதல்நாளே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, நாங்கள் ஏற்கெனவே போகும் பாதையிலேயே இருக்கிறது. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகாத சிட்னித் தமிழர் குறைவு. கும்பிட்டு, கன்டீனில் தோசை சாப்பிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவோம். அங்கிருந்து கொஞ்ச நேரம் ஓடினால் போல்ட் ஹில். அதன் அடிவாரத்து ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894 நவம்பரில் லோரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் தான் செய்த பெட்டிப் பட்டங்களைக் கோர்த்து, அவற்றில் தொங்கி மேலே எழும்பினார். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் பிடிக்காமல் போகாது. இன்னும் கொஞ்சம் போனால் 2005-ல் திறந்த ஸீ கிளிஃப் பாலம். 665 மீற்றர், கடலுக்கு மேலே நடக்கலாம். எல்லாம் இலவசம்.

மூன்றாவது, ஓர் இரவு தங்குவது. வைஎச்ஏ என்றால் முதுகில் பை போட்ட இளம் பெடியளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். குடும்ப அறைகளும் இருக்கின்றன. கட்டூம்பாவிலும் ஒன்று இருக்கிறது. பெரிய பொதுச் சமையலறை உண்டு. நாங்கள் அதில் புட்டு அவித்தோம். ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி குழலைக் காட்டி இது என்ன கருவி என்று கேட்டாள். இரண்டு துண்டும் சாப்பிட்டாள்.

நாலாவது கன்பரா. சிட்னியில் இருந்து காரில் மூன்று மணித்தியாலம். கிழமை நாட்களில் ஹொட்டேல்களை அரசாங்க வேலைக்கு வருகிறவர்கள் நிரப்புவார்கள், வார இறுதியில் பெரும்பாலும் விலை இறங்கும். பாராளுமன்றம், போர் நினைவகம், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் அனுமதி இலவசம். குடியுரிமைச் சத்தியம் எடுத்து ஆறு வருடத்துக்குப் பிறகுதான் அந்தப் பாராளுமன்றத்துக்குள் முதல் தடவை கால் வைத்தேன். மகள் கேட்டாள், "அப்பா, இது எங்கட தானே?" ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு கணம் எடுத்தது.

மெல்பேர்ணில் இருப்பவர்கள் பொறாமைப்படத் தேவையில்லை. 2023 மார்ச் 31-ல் இருந்து விக்டோரியாவில் வி-லைன் ரயிலுக்கும் நகரத்துத் தினசரி உச்சவரம்புதான். பலரட், பெண்டிகோ, வோர்நம்பூல் எல்லாம் அதற்குள் அடக்கம். வோர்நம்பூலில் குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வரும்.

இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம், அப்போ ஊருக்குப் போக வேண்டாமா என்று. கட்டாயம் போக வேண்டும். நானும் போவேன், 51 நாளில் பாதியை அதற்கென்று இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் ஊருக்குப் போவது கடமை, பாசம். அதைப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்று காட்டினால், அவர்கள் இரண்டையும் வெறுத்துவிடக்கூடும். இங்கே பிறந்த பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று: அப்பா அம்மா வரமாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். டிக்கெட்டை நீங்களே போடுங்கள். திட்டிக்கொண்டாவது வருவார்கள், கட்டுச்சோற்றோடு.

அம்மா விசா முடிந்து போய்விட்டா. முழங்கால் வலி, இனி இவ்வளவு தூரம் பறக்க ஏலாது என்கிறா. போனில் கதைக்கும்போது அந்த மலையைப் பற்றித்தான் அயலுக்குச் சொன்னதாகச் சொல்லுவா, என் வீட்டைப் பற்றி அல்ல. அவ இங்கே இருந்த தொண்ணூறு நாளில் நான் வெளியே கூட்டிக்கொண்டு போனது மூன்று தரம்.

இந்த டிசம்பரில் ஊருக்குப் போகும்போது அம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். வீட்டு வாசலில் இருந்து வான் பிடித்து, மெதுவாக, இரண்டு இரவு. நிலைமை எப்படி என்று யாரையும் கேட்கப் போவதில்லை. அறை இப்போதே போட்டாயிற்று.