மீண்டும் களம் புகுந்த வீராங்கனை

வெப்பம் மிகுந்த நம் நாட்டில், பனிக்கட்டியின்மேல் ஆடும் நடனத்தை நேரிற் கண்டவர் சிலரே. சிம்லாவைப் போன்ற மலைநகரங்களில், குளிர்காலத்தில் உறைந்த நீரையே தளமாகக் கொண்டு சறுக்கி விளையாடும் வழக்கம் உண்டு. எனினும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வளர்ந்தது போல அது ஒரு பெருங்கலையாக நம்மிடையே வளரவில்லை. ஆகவே, அக்கலையில் உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணி, களத்தை விட்டு விலகிப் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் போட்டிக்கு வந்த வரலாற்றைச் சொல்லப் புகுமுன், அக்கலையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம்.

ஆடுவோர் அணியும் காலணியின் அடியில் எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அத்தகட்டின் அடிப்பாகம் நடுவே குழிந்து, இருபுறமும் கூரிய விளிம்புகளை உடையது. உடல் எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கத்து விளிம்பு பனியைக் கவ்வும். ஆடுபவர் வளைகோடு வரைந்தவாறு விரைவர். ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில், இசைக்கு இயையத் தாவுதலும் சுழலுதலும் அடிவைத்தலும் கலந்து ஆடுவதே இந்நடனம். இவற்றுள் தாவுதலே மிக அரிது. மும்முறைத் தாவல் எனப்படுவதில், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்துக்குள் காற்றில் மூன்று முறை சுழன்று, ஒற்றைக் காலில், பின்னோக்கிச் சறுக்கியவாறு இறங்கவேண்டும். அக்காலத்தில் நடுவர் ஒன்பதின்மர் அமர்ந்து, ஆட்டத்தின் நுட்பத்திற்கு ஒன்றும் கலைநயத்திற்கு ஒன்றுமாக இரு மதிப்பெண்கள் வழங்குவர். ஆறு என்பதே உச்ச மதிப்பெண்.

நாம் சொல்ல வந்த பெண்மணி காத்தரினா விட் என்பவர். 1965ஆம் ஆண்டு பிறந்தவர். அந்நாளைய கிழக்கு ஜெர்மனியில் கார்ல் மார்க்ஸ் நகரில் வளர்ந்தவர். அந்நகரம் இன்று கெம்னிட்ஸ் என்னும் தன் பழம்பெயரால் வழங்குகின்றது. அங்கே யுட்டா முல்லர் என்னும் கண்டிப்பு மிக்க ஆசிரியையிடம் அவர் பயின்றார். 1984ஆம் ஆண்டு யுகோஸ்லாவியாவிலுள்ள சரயேவோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தில், பதினெட்டு வயதில் தங்கப் பதக்கம் பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்துக் கனடாவிலுள்ள கால்கரி நகரில் மீண்டும் தங்கம் வென்றார். நார்வே நாட்டு வீராங்கனை சோன்யா ஹெனி 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றிருந்தார். அவருக்குப் பின், தனி ஆட்டத்தில் ஒருமுறை பெற்ற ஒலிம்பிக் பட்டத்தை மறுமுறையும் காத்துக்கொண்ட பெண் காத்தரினாவே. உலகப் போட்டியில் நான்கு முறையும், ஐரோப்பியப் போட்டியில் தொடர்ந்து ஆறு முறையும் முதலிடம் பெற்ற அவர், 1988ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் நான்காம் உலகப் பட்டத்தை வென்றதோடு போட்டிக் களத்திலிருந்து விலகினார்.

விலகியவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அஃதாவது, ஊதியம் பெற்றுக் காட்சிகளில் ஆடலானார். அந்நாளைய விதிப்படி, தொழில்முறைக்குச் சென்றவர் ஒலிம்பிக்கிற்குத் திரும்ப இயலாது. சென்ற கதவு சென்றதுதான். ஆனால் காலம் விதிகளை மாற்றியது. பனித்தளப் போட்டிகளை ஆளும் பன்னாட்டுச் சங்கம், தொழில்முறையாளர் ஒருமுறை திரும்பி வர 1992ஆம் ஆண்டில் வழி திறந்துவிட்டது. குளிர்கால ஒலிம்பிக்கையும் கோடைக்கால ஒலிம்பிக்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் நடத்துவதென முன்னரே முடிவாகியிருந்தமையால், 1992இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிற்கு அடுத்தது 1994ஆம் ஆண்டிலேயே, நார்வேயின் லில்லஹாமரில் வந்துவிட்டது. விலகியிருந்த வீரர் பலருக்கு இவ்விரண்டும் ஒருசேர வாய்த்தன. காத்தரினாவும் திரும்ப முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

இடைவெளிக்குப் பின் திரும்புதல் ஏன் கடினம் என்பதை இங்கே விளக்குதல் வேண்டும். முதலாவது, உடல். மும்முறைத் தாவல் வலிமையால் மட்டும் வருவதன்று. எழும் கணமும், உடலை இறுக்கும் கணமும், விரிக்கும் கணமும் நாள்தோறும் செய்த பயிற்சியால் பிசகின்றி அமையவேண்டும். சில நாள் விட்டாலே அக்கணங்கள் தவறும். ஆண்டுக்கணக்கில் விட்டவர் அவற்றைப் புதிதாகவே தேடிக்கொள்ளவேண்டும். இரண்டாவது, பழக்கம். காட்சி மேடையில் விளக்கொளி ஆடுபவரைத் தொடர்ந்து செல்லும். எத்தாவலைச் செய்வது, எதை விடுவது என்பது அவர் விருப்பம். போட்டியிலோ முழு வெளிச்சத்தில், விதித்த கூறுகளை விதித்தவாறே செய்யவேண்டும். சிறு தடுமாற்றமும் மதிப்பெண்ணிற் குறையும்.

மூன்றாவது, களமே மாறிவிடுவது. காத்தரினா வென்ற காலத்தில் கட்டாய வட்டங்கள் என்றொரு பகுதி இருந்தது. ஒற்றைக் காலால் பனியில் வட்டங்களை வரைந்து, அதே கோட்டின்மேல் மீண்டும் மீண்டும் செல்லவேண்டும்; நடுவர்கள் குனிந்து நின்று கோட்டைச் சோதிப்பர். மொத்த மதிப்பில் நூற்றுக்கு 30 பங்கு இதற்கே உரியதாக இருந்தது. 1990ஆம் ஆண்டோடு உலகப் போட்டிகளிலிருந்து இப்பகுதி நீக்கப்பட்டது. அதன்பின் குறும் ஆட்டம், நெடும் ஆட்டம் என்னும் இரண்டு மட்டுமே எஞ்சின. தாவல்களின் மதிப்பு உயர்ந்தது. பதினாறு, பதினேழு வயதுச் சிறுமியர் பலவகை மும்முறைத் தாவல்களை எளிதிற் செய்து முன்னுக்கு வந்தனர். காத்தரினா பழகிய தாவல்களோ முந்திய காலத்தின் அளவுக்கு ஏற்றவை. விட்டுச் சென்ற இடத்திற்கு அவர் திரும்பவில்லை. அவ்விடம் அங்கே இல்லை.

அவ்வாண்டு திரும்பி வந்தோர் அனைவர்க்கும் ஒரே முடிவு கிட்டவில்லை. இணை ஆட்டத்தில், 1988இல் தங்கம் வென்ற ருஷ்ய இணையினரான கோர்தியேவாவும் கிரின்கோவும் மறுபடியும் தங்கம் வென்றனர். 1984இல் உலகையே வியக்கவைத்த ஆங்கிலேய இணையினர் டார்வில், டீன் ஆகியோருக்கு வெண்கலமே கிடைத்தது. ஆடவர் பிரிவில், 1988இல் தங்கம் பெற்ற அமெரிக்கர் பிரையன் போய்ட்டானோ ஆறாம் இடமும், 1992இல் தங்கம் பெற்ற உக்ரேனியர் விக்டர் பெட்ரென்கோ நான்காம் இடமும் பெற்றனர்.

காத்தரினாவின் நிலை இன்னும் கடினம். தம் நாட்டுப் போட்டியில் இரண்டாம் இடமே பெற்றார். ஆறு முறை தாம் வென்ற ஐரோப்பியப் போட்டியில், 1994 சனவரியில் எட்டாம் இடத்தைப் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் கிட்டாது என்பது இதனால் யாவர்க்கும் விளங்கிற்று. அவருக்கும் விளங்கியே இருந்தது. வெற்றியோடு விலகிய ஒருவர், தோல்வி தெரிந்தே வந்து அப்புகழைப் பணயம் வைப்பானேன் என்ற வினா இங்கே எழுகின்றது. அதற்கு விடை காண, முதல் தங்கம் அவருக்குக் கிடைத்த சரயேவோவுக்கு நாம் செல்லவேண்டும்.

1984இல் சரயேவோ விழாக்கோலம் பூண்டிருந்தது. செத்ரா என்னும் புதிய அரங்கில் காத்தரினா ஆடி வென்றார். எட்டு ஆண்டுகளில் எல்லாம் மாறிற்று. யுகோஸ்லாவியா சிதறியது. 1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகையிடப்பட்டது. சுற்றியிருந்த மலைகளிலிருந்து பீரங்கிக் குண்டுகள் நகரின்மீது விழுந்தன. செத்ரா அரங்கும் குண்டுகளால் சிதைந்தது. அதனை அடுத்திருந்த நிலம் இடுகாடாயிற்று. லில்லஹாமர் விழா தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, 1994 பிப்ரவரி 5ஆம் நாள், சரயேவோவின் கடைத்தெருவில் விழுந்த ஒரு குண்டு அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தொடக்க விழாவில், ஒலிம்பிக் குழுவின் தலைவர் சமராஞ்ச் அந்நகர மக்களுக்காக அனைவரையும் எழுந்து மௌனமாக நிற்கச் செய்தார்.

இந்த நகரத்தை நினைவுகூர்வதற்கென்றே காத்தரினா தம் நெடும் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார். அதற்கு அவர் தேர்ந்த இசை, பூக்களெல்லாம் எங்கே போயின என்று வினவும் புகழ்பெற்ற போர் எதிர்ப்புப் பாடலின் இசை. அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் 1955இல் தொடங்கிய பாடல் அது. மார்லீன டீட்ரிச் என்னும் நடிகை 1962இல் ஜெர்மன் மொழியில் பாடியதால் ஜெர்மானியர் எல்லாரும் அறிந்தது. பூக்கள் கன்னியரிடம் சென்றன, கன்னியர் இளைஞரிடம் சென்றனர், இளைஞர் போருக்குச் சென்றனர், வீரர் கல்லறைக்குச் சென்றனர், கல்லறைமேல் மீண்டும் பூக்கள் மலர்ந்தன என்று வட்டமிட்டு வரும் கருத்து அதனுடையது. தனி ஆட்டத்தில் சொற்களோடு கூடிய பாடலைப் பயன்படுத்த அந்நாளில் விதி இடந்தரவில்லை. ஆகவே சொற்கள் நீங்கி இசை மட்டுமே ஒலித்தது. கேட்டோர் உள்ளத்தில் சொற்கள் தாமே எழுந்தன.

பிப்ரவரி 25ஆம் நாள், லில்லஹாமரை அடுத்த ஹாமார் நகர அரங்கில் அவ்வாட்டம் நடைபெற்றது. முதன்முறை வென்றபோது கிழக்கு ஜெர்மனியின் சார்பில் ஆடியவர், இப்போது ஒன்றுபட்ட ஜெர்மனியின் சார்பில் நின்றார். பிழையே அற்ற ஆட்டம் அது என்று நாம் சொல்லமாட்டோம். இளையோர் செய்த அரிய தாவல்கள் அதில் இல்லை. உக்ரேனைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி ஒக்சானா பையூல் தங்கம் வென்றாள். அமெரிக்காவின் நான்சி கெரிகன் வெள்ளியும், சீனத்தின் சென் லூ வெண்கலமும் பெற்றனர். காத்தரினாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம். நடுவர்கள் முறைப்படியே மதிப்பிட்டனர். அதில் நாம் குறை காண்பதற்கில்லை. ஆயினும், அன்றைய போட்டியை நினைவுகூர்வோர், தங்கம் வென்ற சிறுமியோடு, ஏழாவதாக வந்தவரையும் தவறாது குறிப்பிடுகின்றனர்.

இடைவெளிக்குப் பின் திரும்பி வந்து வாகை சூடியவரும் உண்டு. தென்கொரியாவின் யுனா கிம் 2010இல் ஒலிம்பிக் தங்கம் வென்று, பின் ஓய்வு கொண்டு, 2013இல் உலகப் பட்டத்தை மீண்டும் வென்றார். அமெரிக்காவின் அலிசா லியூ 2022இல் பதினாறு வயதிலேயே ஓய்வு அறிவித்து, ஈராண்டுக்குப் பின் திரும்பி, 2025இல் உலகப் பட்டம் பெற்றார். இளமையும் உடல்வலியும் துணைநின்றால் இது இயலும் என்பதற்கு இவர்கள் சான்று. காத்தரினாவின் வரலாறு வேறொன்றைச் சொல்கின்றது. திரும்பி வருதல், இழந்ததை மீட்பதற்காக மட்டும் அன்று. முன்பு ஓர் ஊர் தமக்குத் தந்த மகிழ்ச்சியை மறவாமல், அவ்வூர் துன்புற்ற காலத்தில், உலகம் நோக்கியிருக்கும் இடத்தில் நின்று அதன் பெயரை நினைவூட்டுதற்காகவும் ஒருவர் திரும்பி வரலாம். நூல் எழுதுவோர் எழுத்தால் செய்வதை, மேடை ஏறுவோர் பேச்சால் செய்வதை, அவர் தமக்குத் தெரிந்த ஒரே மொழியில் செய்தார். புகழைக் காத்துக்கொண்டு வாளாவிருந்திருந்தால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நான்கு நிமிட ஆட்டத்தை உலகம் கண்டிராது.

சரயேவோவின் முற்றுகை 1996 பிப்ரவரியில் முடிவுற்றது. சிதைந்த செத்ரா அரங்கு மீண்டும் எழுப்பப்பட்டு 1999இல் திறக்கப்பட்டது. அந்நகரத்துச் சிறுவர் சிறுமியர் அங்கே மறுபடியும் பனியின்மேல் கால் பதித்தனர்.