மருத்துவரும் ஒரு வீட்டுப் பிள்ளையே

கணவனுக்கும் மனைவிக்கும் மனத்தாங்கல். மனைவி தன் குறையை மகனிடம் சொல்லி அழுகிறாள். மகன் தாயின் பக்கம் சாய்கிறான். தாயின் மனப்பாரம் சற்றுக் குறைகிறது. ஆனால் தந்தையும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுவிடுகிறது. இருவரிடையே எழும் பதற்றம் இவ்வாறு மூன்றாமவரை இழுத்துக்கொள்வதைக் குடும்ப அமைப்புக் கோட்பாடு ‘முக்கோணம்’ என்கிறது.

இக்குடும்பம் ஆலோசனைக்கு வந்தால் என்னவாகும்? ஆலோசகரையும் தத்தம் பக்கம் இழுக்கவே ஒவ்வொருவரும் முயல்வர். தம்மையறியாமல் அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அவரும் முக்கோணத்தின் ஒரு மூலையாகிவிடுவார். சிக்கல் தீராது.

இக்கோட்பாட்டை வகுத்தவர் மரே போவன் (1913–1990) என்னும் அமெரிக்க மனநோய் மருத்துவர். 1954 முதல் 1959 வரை பெதஸ்டாவிலுள்ள தேசிய மனநல நிலையத்தில் அவர் ஓர் ஆய்வை நடத்தினார். மனச்சிதைவு நோயாளிகளுடன் முதலில் தாய்மாரையும், பின்னர்க் குடும்பத்தார் பிறரையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். ஒருவர் நடத்தை மாறினால் மற்றவர் நடத்தையும் மாறுவதைக் கண்டார். குடும்பம் தனியாட்களின் கூட்டமன்று, ஒன்றோடொன்று பிணைந்த ஓர் அமைப்பு என்ற முடிவுக்கு வந்தார். கவனித்துக்கொண்டிருந்த மருத்துவப் பணியாளரும் அந்தப் பிணைப்புக்குத் தப்பவில்லை.

அப்படியானால் ஆலோசகர் நடுநிலையைக் கற்பது எங்கே? ‘தம் சொந்தக் குடும்பத்தில்’ என்றார் போவன். 1967இல் பிலடெல்பியாவில் நடந்த மாநாட்டில், எதிர்பார்க்கப்பட்ட ஆய்வுரையை விடுத்து, தம் பெற்றோர், உடன்பிறந்தாரிடையே முக்கோணங்களில் சிக்காமல், உறவையும் முறித்துக்கொள்ளாமல் பழக முயன்றதை விவரித்தார். அவ்வுரை 1972இல் அச்சேறியபோது ஆசிரியர் பெயர் இடப்படவில்லை. அவரிடம் பயின்ற இளம் மருத்துவர்களும் தத்தம் வீடுகளில் இம்முயற்சியில் இறங்கினர். அதில் முன்னேறியவர்கள் நோயாளிகளின் குடும்பங்களையும் திறம்பட நடத்தியதைப் போவன் கவனித்தார்.

பட்டம் பெற்றதோடு இந்தப் படிப்பு முடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் தொழில் புரிந்தவர்களும் அவ்வப்போது கூடுகின்றனர். ஒருவர் தம் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைப் படமாக வரைகிறார்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பிறர் வினவுகின்றனர்: “இது எப்போது தொடங்கியது? அப்போது யார் என்ன செய்தார்? நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள்?” ‘ஏன்’ என்ற வினாவைக் கூடியவரை தவிர்க்கின்றனர், அது பழி சுமத்துவதற்கே வழி வகுக்கும்.

இங்குத் துணை என்பது ஆறுதல் கூறுவதன்று. “பாவம், உங்கள் மீது தவறில்லை” என்று நண்பர் சொன்னால், அவரும் ஒரு பக்கம் சாய்ந்தவராகிறார். சாயாமல் கேட்பதே அவர் செய்யும் பேருதவி. நம் முதுகு நமக்குத் தெரியாது. பிறர்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போவன் கூறியவை அனைத்தும் ஆய்வுகளால் உறுதிப்பட்டுவிடவில்லை. ‘தனித்து நிற்கும் திறன்’ என்று அவர் குறிப்பிட்டதை அளப்பதும் எளிதன்று. எனினும், பிறர் குடும்பத்தைச் சீராக்க முனைபவர் தம் குடும்பத்தில் தாம் நிற்கும் இடத்தை அறிந்திருக்க வேண்டும் என்ற அவரது பாடம் இன்றும் பயிலப்படுகிறது. அடுத்த முறை வீட்டில் ஒருவர் மற்றவரைப் பற்றி உங்களிடம் குறை கூறும்போது, நீங்கள் எந்த மூலையில் நிற்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.