மண் கோட்டையில் ஒரு வரலாற்றுப் பாடம்

மராட்டியப் பிள்ளைகள் தீபாவளிக்குக் கோட்டை கட்டுகிறார்கள். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய செஞ்சியைத் தமிழ்ப் பிள்ளைகளும் விளையாடிப் புரிந்துகொள்ள முடியும்.

தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போதே மகாராஷ்டிரத்துத் தெருக்களில் பிள்ளைகளின் கையெல்லாம் சேறாகிவிடுகிறது. செங்கல்லையும் கல்லையும் அடுக்கி, மேலே சாக்கு விரித்து, மண்ணைக் குழைத்துப் பூசி ஒரு மலை எழுப்புகிறார்கள். கடுகைத் தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாட்களில் சரிவுகள் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். மதில், கொத்தளம், படிக்கட்டு, சுனை எல்லாம் உண்டு. உச்சியில் களிமண் சிவாஜி, கீழே அவருடைய வீரர்கள். இதற்குக் 'கில்லா' என்று பெயர். பேட்டைக்குப் பேட்டை போட்டியும் நடக்கிறது. ராய்கட், பிரதாப்கட் என்று நிஜக் கோட்டைகளைப் பார்த்து அப்படியே செய்வதில்தான் பெருமை.

விளையாட்டுதான், ஆனால் கேள்விகள் தாமாகவே எழுகின்றன. ராய்கட்டின் பெரிய வாசலை இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே ஒளித்து வைத்தது ஏன்? யானை ஓடிவந்து முட்ட இடம் கொடுக்காமல் இருக்கத்தான். உச்சியில் சுனை எதற்கு? தண்ணீர் தீர்ந்தால் எந்த மதிலும் காப்பாற்றாது. மண்ணைப் பிசைகிற பிள்ளைக்கு இதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே விளங்கிவிடுகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. தமிழர்களுக்குச் செஞ்சி என்றால் 1714இல் மாண்ட தேசிங்குராஜன் கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே நடந்த பெரிய முற்றுகை அதற்கு முந்தியது.

1689இல் சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பி வந்து செஞ்சியில் தஞ்சம் புகுந்தார். மறு ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் கோட்டையை வளைத்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். அவற்றை இணைக்கும் நீண்ட மதில்கள். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பிளவு. அதைக் கடக்க ஒரு பாலம். உள்ளே நெற்களஞ்சியங்களும் குளங்களும். 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

எட்டு ஆண்டுகள் இழுத்ததற்கு மதில் மட்டும் காரணமல்ல. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் வெளியிலிருந்து மொகலாயர்களுக்கு வரும் தானியத்தை மறித்தன. வளைத்தவர்களே வளைக்கப்பட்டார்கள். ஒரு கட்டத்தில் சுல்ஃபிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது.

பசியின் கணக்கு

இதை வகுப்பறையில் ஆடிக் காட்டப் பெரிய செலவில்லை. வகுப்பை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கோட்டைக்குள் இருப்பவர்கள், வளைப்பவர்கள், வெளியே திரியும் குதிரைப்படை. புளியங்கொட்டைதான் தானியம். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே இருப்பவர்கள் தலைக்கு ஒரு கொட்டை தின்று தீர்க்க வேண்டும், வெளியே இருப்பவர்களும்தான். குதிரைப்படையினர் பாதி வழியில் கொட்டைகளைப் பறிக்கலாம். நாலு சுற்றுக்குள் பிள்ளைகளுக்கு ஒன்று புரிந்துவிடும்: முற்றுகையில் வாளைவிடப் பசிதான் அதிகம் கொல்கிறது.

தமிழுக்கு இது புதிய பாடமல்ல. கோட்டையை வளைப்பதற்கு உழிஞை என்றும் காப்பதற்கு நொச்சி என்றும் பூவின் பெயரிட்டு இலக்கணம் வகுத்த மொழி இது. கல் எறியும் கவண், கொதிக்கும் எண்ணெய் என்று மதுரை மதிலின் பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்துகிறது. அரணுக்குத் தனி அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும் உள்ளே உணவு இருக்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. ஆடுபுலி ஆட்டமும் ஒரு முற்றுகைதான். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் வளைக்கின்றன. தனித்தனியே போகும் ஆடு வெட்டுப்படும். சேர்ந்து நின்றால் புலி அடைபடும்.

ஆபத்து ஒன்றும் உண்டு. களிமண் வீரனுக்கு எதிரி வேண்டும். அந்த எதிரிக்கு இன்றைய மதத்தின் முகத்தை ஒட்டிவிடுவது எளிது. வரலாறு அப்படி நேர்கோட்டில் இல்லை. செஞ்சியை வளைத்த மொகலாயப் படையில் தல்பத் ராவ் புந்தேலா என்ற ராஜபுத்திரத் தலைவர் இருந்தார். ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷோ ராஜாராமுடன் ரகசியத் தொடர்பு வைத்ததற்காகக் காவலில் வைக்கப்பட்டார். ஆகவே ஆட்டத்தில் முக்கியமான விதி ஒன்றுதான்: பாதியில் பக்கம் மாற வேண்டும். வளைத்தவன் பட்டினி கிடக்கட்டும்; பட்டினி கிடந்தவன் வளைக்கட்டும்.

சக்குபள்ளம் போன்ற இடுக்கி ஏலமலைக் கிராமங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செஞ்சி வேறு மாநிலம். போய்ப் பார்ப்பது எளிதல்ல. மண்ணுக்கும் மழைக்கும் அங்கே பஞ்சமில்லை. பள்ளி முற்றத்தில் மூன்று மேடு எழுப்பி, சுற்றி மதில் வைத்து, கைப்பிடி புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்தால் போதும். கொட்டை தீரும்போது பாடம் புரிந்துவிடும்.