நிற்பதற்கு முந்தைய வருடங்கள்

மாதவிலக்கு நின்ற பிறகுதான் உடம்பில் தொல்லைகள் தொடங்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அதனால், மாதவிலக்கு மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு 43 வயதில் தூக்கம் கெட்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, காரணம் தெரியாமல் அழுகை வந்தாலோ, அதை மாதவிலக்கோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அவளுக்கே தோன்றுவதில்லை. படபடப்புக்கு இ.சி.ஜி., மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை என்று தனித்தனியாக அலைகிறாள். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன்தான். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய இந்த வருடங்களை மருத்துவர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் அது மெனோபாஸ். அதற்கு முன்னால் உடம்பு தடுமாறும் காலம் சராசரியாக நான்கு வருடங்கள். சிலருக்கு எட்டு, பத்து வருடங்கள்கூட நீளும். மேலை நாடுகளில் சுமார் 51 வயதில் நிற்கிற மாதவிலக்கு, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. ஆக, நாற்பதை ஒட்டியே இந்தத் தடுமாற்றம் ஆரம்பித்துவிடலாம். பிள்ளைகள் பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கும் நேரம், வீட்டுப் பெரியவர்களுக்கு முடியாமல் போகும் நேரம். வருவதையெல்லாம் அந்தக் கவலைகளின் தலையில் கட்டிவிடுவது சுலபம்.

உள்ளே நடப்பது என்ன? ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். மெனோபாஸ் நெருங்கும்போது ஆயிரம் அளவுக்குத்தான் மிச்சம். முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்கும். முட்டை வெளிவராத மாதங்கள் கூடக் கூட, முதலில் குறைவது அதுதான். இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிட உச்சத்துக்குப் போகிறது, அடுத்த மாதம் சரிகிறது, மறுபடி ஏறுகிறது. கரண்ட் ஒரேயடியாகப் போய்விட்டால் ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. வோல்டேஜ் ஏறி ஏறி இறங்குவதுதான் அதைக் கெடுக்கும். பெரிமெனோபாஸில் பல பெண்கள் படும் பாடு, முழுசாக நின்ற பிறகு படுவதைவிட அதிகமாக இருப்பது இதனால்தான்.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு "ஹார்மோன் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லாமல் போவதும் இதனால்தான். இன்று எடுத்த எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் அளவு அடுத்த வாரம் வேறாக இருக்கும். 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தச் சோதனையே வேண்டாம், அறிகுறிகளைக் கேட்டே முடிவு செய்யலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-லேயே வழிகாட்டியிருக்கிறது. தைராய்டையும் ஹீமோகுளோபினையும் மட்டும் பார்த்துவிட வேண்டும். அவற்றின் கோளாறுகளும் இதே மாதிரிதான் தெரியும். மற்றபடி நல்ல சாட்சி காலண்டர்தான். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வரத் தொடங்கினால் பெரிமெனோபாஸ் ஆரம்பம். இடைவெளி 60 நாளைத் தாண்டினால் நிற்கும் காலம் நெருங்குகிறது.

திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரு வெக்கை ஏறும். சில நிமிடங்களில் உடம்பெல்லாம் வேர்த்து, பிறகு குளிரும். நம் ஊரில் இதை 'உடம்புச் சூடு' என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் கொடுப்பார்கள். அதில் கெடுதல் இல்லை. ஆனால் இந்தச் சூடு கிளம்பும் இடம் மூளை. உடல் வெப்பத்தைக் காவல் காக்கும் ஹைப்போதலாமஸில் சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அந்த அடக்கம் தளர்ந்ததும், வெப்பம் இம்மி கூடினால்கூட மூளை பதறிப்போய் ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. சென்னையிலும் வேலூரிலும் சித்திரை வெயிலில் எல்லாருக்கும்தான் வேர்க்கும். ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களில் இவள் மட்டும் நனைந்து போகிறாளா, விடிகாலை மூன்று மணிக்கு நைட்டி தொப்பலாகி எழுந்து உட்காருகிறாளா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1990-களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துத் தொடங்கி, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வு, இந்த வெக்கை அடிக்கடி வருபவர்களுக்கு நடுவாந்தரமாக 7.4 வருடங்கள் நீடித்ததைக் காட்டியது. மாதவிலக்கு ஓரளவு ஒழுங்காக வரும்போதே வெக்கை தொடங்கியவர்களுக்கு அது 11 வருடங்களையும் தாண்டியது. "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்ற ஆறுதலில் இத்தனை வருடங்களைக் கழிக்கச் சொல்வது கொடுமை.

மனசுக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் மூளையில் செரட்டோனின் போன்ற ரசாயனங்களோடு கைகோத்து வேலை செய்கிறது. அது ஆடும்போது மனமும் ஆடும். டம்ளர் கீழே விழுந்ததற்குப் பிள்ளையை அடித்துவிட்டு, குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுகிற அம்மாவுக்கு, தனக்கு என்ன ஆயிற்று என்று உண்மையாகவே தெரியாது. வாழ்க்கையில் ஒருமுறைகூட மனச்சோர்வு வந்திராத பெண்களுக்கும் இந்தக் காலத்தில் அது வரும் வாய்ப்பு கூடுகிறது. பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. "அவளுக்கு ஹார்மோன் ப்ராப்ளம், கண்டுக்காதே" என்று அவள் பேச்சையே தள்ளிவிடுகிறார்கள். இருபது வருடமாக வீட்டு வேலை முழுவதையும் ஒற்றை ஆளாகத் தாங்குபவள் இப்போது கோபப்படுகிறாள் என்றால், அந்தக் கோபத்தில் ஹார்மோனுக்கு ஒரு பங்கும் நியாயத்துக்கு ஒரு பங்கும் இருக்கும். முதல் பங்குக்கு மருந்து உண்டு. இரண்டாவதற்கு வீட்டில் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறதியும் பயமுறுத்துகிறது. மீட்டிங்கில் தெரிந்த பெயர் நாக்கில் வராது; அடுப்படிக்கு எதற்கு வந்தோம் என்று நிற்பார்கள். ஸ்வான் ஆய்வில், புதியதைக் கற்றுக்கொள்ளும் வேகம் இந்த வருடங்களில் மந்தமாகி, மெனோபாஸுக்குப் பிறகு மீண்டிருக்கிறது. அல்சைமர் வந்துவிட்டதோ என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் பெண்ணுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ரத்தப்போக்கு விஷயம். முட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, பிறகு கட்டி கட்டியாகப் போகும். பெரும்பாடு என்று பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ரத்தசோகையில் இருப்பவர்கள். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் மாடிப்படி ஏற முடியாது. அப்போது காதில் விழும் யோசனை: "புள்ள பெத்தாச்சு, இனி எதுக்கு அந்தப் பை? எடுத்துப் போட்டுடு." நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் நூற்றுக்கு மூவர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள், ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அது இரண்டு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக எடுத்துக்கொண்டது 2019-இல் பெரிய செய்தியானது. தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் உத்தரவிட நேர்ந்தது.

புற்றுநோய் போன்ற காரணங்களுக்கு அறுவை தேவைதான். ஆனால் இரும்புச்சத்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் என்று அதற்கு முன் செய்து பார்க்க நிறைய இருக்கிறது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், வருடக்கணக்கில் நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்து முடியும். எலும்பும் இதயமும் அந்த அதிர்ச்சியைப் பின்னால் காட்டும்.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே பயம் இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் கூடுவதாகச் சொல்லிப் பாதியில் நிறுத்தப்பட்டது. மருத்துவர்களே எழுதித் தரப் பயந்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடங்களுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவத்தின் பொதுக் கருத்து. மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ வந்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு.

கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு பெரிமெனோபாஸ் வருடங்களிலும் இருக்கிறது, கருத்தடை தேவை. 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் பணியாளர்கள் வீடு தேடிப் போய் பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். அந்த வாசற்படியிலேயே, நாற்பது கடந்த பெண்ணிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: "மாசாமாசம் சரியா வருதாக்கா? ராத்திரி தூங்க முடியுதா?"