பால் கேனில் துருப்புள்ளியா? எவர்சில்வரைப் பழையபடி ஆக்கலாம்!

காலையில் கறந்த பால் சொசைட்டிக்குப் போய், ‘புளிப்பு வாடை அடிக்கிறது’ என்று திரும்பி வந்தால் அன்றைய வருமானம் போச்சு. உடனே மாட்டைப் பார்ப்பார்கள், தீவனத்தைப் பார்ப்பார்கள். கேனின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. வெள்ளைப் படிவும் பழுப்புப் புள்ளியுமாக மங்கிப்போன கேன், எத்தனை முறை கழுவினாலும் கிருமிகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பள்ளம் விழாத கேன் என்றால், அதை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

எவர்சில்வரும் அடிப்படையில் இரும்புதான். அதில் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் கலந்திருக்கும். இந்த குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். 1912-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் உட்புறம் தேய்ந்துபோவதற்குத் தீர்வு தேடினார். அந்த முயற்சியில் 1913-ல் கிடைத்த குரோமிய எஃகுதான் துருப்பிடிக்காத எஃகு உலகமெங்கும் பரவ வழிவகுத்தது.

படலம் கீறப்பட்டாலும் காற்றுப்பட்டால் தானே மறுபடி உருவாகும். அதற்கு மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். இரும்பு நாரால் தேய்த்தால் இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, அவைதான் முதலில் துருப்பிடிக்கும். உப்பும் பிளீச்சிங் பவுடரும் தங்கினால் படலத்தை ஓட்டைபோட்டு, ஊசி முனை அளவுக்குப் பள்ளம் பறிக்கும். பொட்டாஷ் மூட்டை அருகில் கேனை வைப்பதும், பக்கத்தில் இரும்பை அறுத்துத் தீப்பொறி தெறிக்கவிடுவதும் இதே கெடுதலைச் செய்யும்.

உள்பக்கம்: தேய்ப்பதைவிட ஊறவைப்பதே நல்லது

பாலை ஊற்றியதும் முதலில் பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ அலச வேண்டும். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, 1 லிட்டர் சுடுநீருக்கு 10 கிராம் சலவை சோடா கலந்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் கழுவினால் கொழுப்புப் பிசுக்குப் போகும்.

அதன் பிறகும் வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தால் அது பாலின் சுண்ணாம்புச் சத்து இறுகிய படிவு. சோடாவுக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் பவுடர் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். மளிகைக் கடையில் இதை லெமன் சால்ட் என்றும் கேட்டு வாங்கலாம். துருப்புள்ளிக்கு 1 லிட்டருக்கு 50 கிராம் கலந்து, துணியை நனைத்துப் புள்ளியின் மேல் ஒரு மணி நேரம் போட்டுவைக்கலாம். பிறகு மூன்று, நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசி, மரப்பலகையில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். இரும்பு ஸ்டாண்டு கூடாது. ஒரு நாள் காற்றாடினால் படலம் திரும்பிவிடும்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கேனில் ஊற்றவே கூடாது. அது எவர்சில்வரை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

உள்பக்கத்தில் உப்புத்தாள் போடக் கூடாது. பால் படும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது பால் பண்ணைக் கருவிகளுக்கான அளவுகோல். கையால் தேய்த்த கோடுகள் கிருமிகளுக்குக் கூடாகிவிடும்.

வெளிப்பக்கக் கீறலுக்கு

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மங்கலான மெருகு உள்ள கேனில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அந்தத் திசையிலேயே தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கறை போட்டதுபோல் நிற்கும். லேசான கீறலுக்குப் புதிய பச்சை நார் போதும். ஆழமானதற்கு 320 நம்பர் நீர்த்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, 400 நம்பரில் முடிக்கலாம். இரும்பில் தேய்த்த தாளை இதற்கு எடுக்கக் கூடாது. கண்ணாடி போன்ற மெருகு வேண்டுமென்றால் பாலிஷ் பட்டறைதான் வழி.

விரிசலை ஈயப் பற்றால் அடைத்தால் ஈயம் பாலில் கலக்கும். ஆர்கான் வெல்டிங்தான் சரி. வெல்டிங் செய்த இடத்தில் உள்ள நீல, கறுப்பு நிறத்தையும் பட்டறையிலேயே நீக்கி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வரா?

பலரும் கேட்கும் கேள்வி இது. காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் உள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. வளைத்த ஓரங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். நிக்கல் குறைந்த, விலை மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. ஆனால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

எப்போது கைவிடுவது? கழுவிக் காய்ந்த கேனின் உள்ளே பஞ்சை ஓட்டிப் பார்க்க வேண்டும். இழை சிக்கினாலோ, துரு நீங்கிய இடத்தில் நகம் இறங்கினாலோ அந்தக் கேன் பாலுக்கு ஆகாது. புண்ணாக்கு ஊறவைக்கவும் தொழுவத்துக்குத் தண்ணீர் எடுக்கவும் அது இன்னும் பல வருஷம் உழைக்கும்.