விமானத்தின் அடியில் நீலக் கறை

மலாக்கா நகரை அடுத்துள்ள பத்து பெரண்டாம் விமான நிலையம் சரித்திரத்தில் இடம் பெற்றது. லண்டன் பேச்சுவார்த்தை முடிந்து, 1956 பிப்ரவரி 20-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் வந்திறங்கியது அங்கேதான். பின்னாளில் அந்நிலையத்தில் விமானமோட்டிகளுக்குப் பயிற்சிக் கழகம் ஏற்பட்டது.

பயிற்சிக்குப் பெரிதும் பயன்பட்டுவந்த சிறு விமானங்கள் பலவற்றின் எஞ்சின், தோட்டத்து மக்கள் அறிந்த பழைய ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு ஒருவகையில் உறவுதான். இரண்டிலும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருவது கார்புரேட்டர். அதனுள் ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. நீர்த்தொட்டியில் பந்து உயர்ந்ததும் குழாய் தானே அடைபடுவதைப் போல, பெட்ரோல் உரிய அளவுக்கு வந்ததும் மிதவை ஓர் ஊசியை மேலே தள்ளி வழியை அடைத்துவிடும். அந்த ஊசி சரியாகப் பதியாவிட்டால் பெட்ரோல் வழிந்தோடும்.

மோட்டார் சைக்கிளில் இது நேர்ந்தால், திருப்புளியின் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவதுண்டு. விமானத்தில் அது போதாது. லைகோமிங் போன்ற விமான எஞ்சின்களில் கார்புரேட்டர் எஞ்சினுக்குக் கீழே இருக்கிறது. வழியும் பெட்ரோல் காற்றுப் பெட்டிக்குள் இறங்கித் தேங்குகிறது. எஞ்சினைக் கிளப்பும்போது ஒரு முறை பின்வெடித்தால் அங்கே தீப்பிடிக்கும். அவ்வாறு பற்றிவிட்டால் எஞ்சினைத் தொடர்ந்து சுழற்றி, தீயை உள்ளே இழுக்கச் செய்து, பெட்ரோலை அடைப்பதே முறை.

ஆனால் ஒவ்வொரு சொட்டும் பழுதுக்கு அடையாளமன்று. எஞ்சின் ஓடாதிருக்கும்போது விசைக்கோலை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் அசைத்தால், உள்ளிருக்கும் சிறு பம்பு பெட்ரோலைப் பீச்சும். உறிஞ்சுவதற்கு எஞ்சின் ஓடவில்லையாதலால் அது கீழே சொட்டும். சற்று நேரத்தில் நின்றுவிட்டால் கவலையில்லை.

நிற்காவிட்டால்தான் ஆராய வேண்டும். 100 எல்.எல். என்னும் விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஊட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியானாலும் கறை தங்கும். கசிவின் பிறப்பிடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். கறை கிண்ணத்தின் இணைப்பில் தொடங்கினால் இடைத்தகட்டின் மேலும் திருகாணிகளின் மேலும் ஐயம் கொள்ளலாம். காற்றுப் பெட்டியின் வடிகால் துளையில் மட்டும் இருந்தால், குற்றவாளி உள்ளே இருக்கிறான்: ஊசியில் அழுக்கு, தேய்ந்த பதிவிடம், அல்லது கனத்துப்போன மிதவை.

இங்கே விமானத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். செஸ்னா 172 போன்றவற்றில் இறக்கை மேலே இருப்பதால் பெட்ரோல் தானாகவே இறங்குகிறது. அடைப்பானை மூடாவிட்டால் இரவெல்லாம் சொட்டும். பைப்பர் விமானங்கள் பலவற்றில் இறக்கை கீழே. பம்பு ஓடினால்தான் பெட்ரோல் ஏறும். ஆகவே நிறுத்திவைத்த பைப்பர் உலர்ந்திருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. மின்பம்பை ஓடவிட்டுத்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கொட்டகைக்கு வெளியே, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பறக்கும்போதும் அறிகுறி உண்டு. புகைக்குழாயில் கரி படியும். மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் தடுமாறும். நிறுத்துவதற்காகக் கலவைக் கோலை இழுக்கையில் சுழற்சி நிமிஷத்துக்கு 10 முதல் 50 வரை உயர்வது இயல்பு. அதற்கு மேல் உயர்ந்தால் பெட்ரோல் மிகுதி.

பித்தளை மிதவைகள் பற்றாசு விட்டு உள்ளே பெட்ரோலை ஏற்றுக்கொள்வதுண்டு. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நல்லதென்று சொல்வது பிழை. பெட்ரோல் தண்ணீரைவிட ஏறக்குறைய கால் பங்கு இலேசானது. வெந்நீரில் அமிழ்த்தினால், ஓட்டை வழியே குமிழி கிளம்பி உண்மையைச் சொல்லிவிடும்.

ஊசி நுனியைப் பற்றி ஒரு வேடிக்கை. மலாயாவின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் 1896-இல் போட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். ஆயினும் நம் மரத்து ரப்பர் இந்த வேலைக்கு உதவாது. பெட்ரோல் பட்டதும் ஊதிவிடும். ஆகையால் வைட்டன் என்னும் செயற்கை ரப்பரை நுனிக்கு உபயோகிக்கிறார்கள்.

பழுது நீக்கிப் பூட்டிய பிறகு, மேல்மூடியைப் போடுமுன் மின்பம்பை ஓடவிட்டு, இணைப்புகளைக் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திடும்வரை அந்த விமானம் தரையைவிட்டு எழும்பலாகாது.