அஸ்திவாரம் காப்போம், வீடு நம்மைக் காக்கும்



தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோது சுவர் வெடித்தால் ஆபீசில் போய்ச் சொன்னோம். நிர்வாகம் கொத்தனாரை அனுப்பியது. இன்று உங்களில் பலர் சேமநிதிப் பணத்தைப் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் எடுத்து, தாமானில் சொந்த வீடு வாங்கியிருக்கிறீர்கள். இங்கே சொல்வதற்கு ஆபீஸ் இல்லை. கிராணியும் நாமே, கொத்தனாரும் நாமே!

கூரை ஒழுகினால் உடனே ஆள் தேடுகிறோம். மண்ணுக்குள் கிடக்கும் அஸ்திவாரத்தை யார் எண்ணிப் பார்க்கிறோம்? அதற்குப் பெரும்பகை தண்ணீர். அஸ்திவாரத்தைத் தாங்கும் மண்ணைத் தண்ணீர் இளக்கும். சிறுகச் சிறுக அரித்துக்கொண்டும் போகும். பிடிப்பு இழந்த பக்கம் அஸ்திவாரம் இறங்கும். மேலே சுவர் வெடிக்கும்.

1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னால் இருந்த குன்றில் வடிகால் சரியில்லை. மழைநீர் ஊறிய மண் சரிந்து வந்து அஸ்திவாரத் தூண்களை முறித்துவிட்டது. நம் வீடு குன்றடியில் இல்லாமல் இருக்கலாம். தண்ணீரின் குணம் எங்கும் ஒன்றுதான்.

என் கதையையும் கேளுங்கள். பைல் அடித்துக் கட்டிய வீட்டோடு, வெறும் மண்மேல் குசினியை நீட்டிக் கட்டினேன். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு. “என்னங்க, விரல் நுழையுது பாருங்க” என்றாள் மனைவி. நான் சிமிந்தி பூசிச் சாயம் அடித்தேன். அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் வெடித்தது. மீண்டும் பூசினேன். கடைசியில் தோண்டிப் பார்த்தால், குசினிக் கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரடியிலேயே இறங்கியிருக்கிறது! மூன்று மாதச் சம்பளம் அதில் போயிற்று. ஒரு குழாய் வைத்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, மழை கொட்டும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். குழாய் வைத்து அதைக் கால்வாயில் விடுங்கள். சுவரோரச் சிமிந்தித் தரை, ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். கால்வாயில் வெடிப்பு இருந்தால் அடைத்து, குப்பையை வாரம் ஒருமுறை அள்ளுங்கள். ஆண்டுக் கடைசி அடைமழைக்கு முன்பே இவற்றை முடித்துவிடுங்கள்.

பலா, மா, மூங்கில் ஆகியவற்றைச் சுவரை ஒட்டி நடாதீர்கள். வேர் போய்க் கால்வாயையும் குழாயையும் பிளக்கும். கசியும் நீர் அஸ்திவாரத்தடிக்கே போகும். விறகையும் பழைய பலகையையும் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நிற்கும் பால்மரத்தையே அரிக்கும் கரையானைத் தோட்டத்தில் பார்த்தவர்கள் நாம். ஈர மண்ணும் மரமும் சேர்ந்தால் அதற்கு விருந்து. சுவரில் பென்சில் பருமனுக்கு மண் கோடு ஏறினால், சுரண்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். புற்று வேறெங்கோ இருக்கும். மருந்து அடிப்பவரை அழையுங்கள்.

பூச்சில் மயிரிழைபோல் ஓடும் வெடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது, கதவை இறுகச் செய்வது ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பிள்ளையை அடிக்கோலால் அளந்து நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று, வீட்டுக் காவலும் ஆயிற்று. வெடிப்பு வளர்ந்தால் பூச வேண்டாம். அந்த நோட்டோடு ஒரு பொறியாளரைப் பாருங்கள்.

ஆயுள் முழுக்க வெயிலிலும் மழையிலும் உழைத்த காசு அந்தச் சுவரில் இருக்கிறது. இன்று மாலை மழை வந்தால், மறவாமல் குடையை எடுங்கள்.